விலாவில் வைத்த கை

காய்ச்சிய தேங்காய் எண்ணெய்ச் சட்டியைத் துணியால் பிடித்துக்கொண்டு ஹாஜறா அறைக்குள் வந்தாள். ஸுஹைறா, ஹாஜறாவின் மகள் ஸம்றா படுத்திருந்த கட்டிலின் தலைமாட்டில் நின்று விரல் நுனிகளை ஒன்றோடொன்று உரசிச் சூடேற்றிக்கொண்டிருந்தாள்.

“எண்ணெய் வேணா மாமி.”

“எண்ணெய் இல்லாம நரம்பு எப்பிடி மகள் இளகும்?”

“நான் உருவ வரல்ல. தொட வந்திரிக்கன்.”

“தொடுறதெண்டா?”

“கண்ண மூடுங்க.”

ஹாஜறா சட்டியோடு நின்றபடியே கண்ணை மூடினாள். ஸுஹைறா அவளுடைய இமையின் மேல் நடுவிரலை வைத்தாள்.

“தெரியுதா?”

“ஒள்ளமாத் தெரியுது.”

“அவ்வளவுதான். இதுக்கு மேல அமத்தினா உடம்பு பயந்து இறுகிரும்.”

ஹாஜறா குசினிக்குத் திரும்பினாள். எண்ணெயை வீணாக்க மனமில்லாமல் அதில் சூடை மீனைப் பொரித்தாள். பக்கத்து வளவு ஆகிலா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, “என்ன ராத்தா, எலும்பு முறியிற சத்தம் ஒண்டும் கேக்கல்ல?” என்றாள்.

“தொட்டுப்போட்டு நிக்கிறா. அக்கரப்பத்துல இரிந்து பஸ் ஏறி வந்து தொடுறா.”

“நம்மட பூனையும் தொடும், ராத்தா.”

சாய்ந்தமருதில் கடலுக்கு நாலு வீடு முந்திய வளவு அது. முன்னறையில் ஸம்றா இத்தா இருந்தாள். புருசன் இறந்த பெண் நாலு மாதமும் பத்து நாளும் பிற ஆண் கண்ணில் படாமல் இருக்க வேண்டும் என்பது கணக்கு. ஜன்னல் கண்ணாடிக்கெல்லாம் பழைய பத்திரிகை ஒட்டியிருந்தார்கள். வெள்ளை உடுப்பு. கண்ணாடி பார்க்கக் கூடாது, பூ வைக்கக் கூடாது, சத்தமாகச் சிரிக்கக் கூடாது. இதில் எது மார்க்கம், எது ஊர் சேர்த்தது என்று அந்த வீட்டில் பிரித்துப் பார்க்க எவரும் முயன்றதில்லை.

ஆவணி அறுவடை நேரம், ஒரு மஃரிப் தொழுகை நேரம், இருளத் தொடங்கும் வேளையில், ஸம்றாவும் புருசன் இஹ்ஸானும் சம்மாந்துறையிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். வயல் நடுவே போகும் வீதியில், வைக்கோல் ஏற்றிய உழவு இயந்திரமொன்று டயர் காற்றுப் போய் ஓரமாக நின்றது. அதன் பின்பெட்டியில் மோதினார்கள். இஹ்ஸான் அந்த இடத்திலேயே மௌத்து. ஸம்றா வைக்கோலுக்குள் போய் விழுந்தாள். உடம்பில் ஒரு கீறல்தான். ஆனால் கழுத்திலிருந்து வலது கை செத்துப் போயிருந்தது. தூக்கினால் தொங்கும், விட்டால் விழும். ஊசி குத்தினாலும் தெரியாது.

பிரேதப் பரிசோதனையில் மையத்தை வெட்ட விடமாட்டோம் என்று ஸம்றாவின் உடன்பிறந்த காக்கா றிபாஸ் ஓடித் திரிந்து ஆள் பிடித்து, கத்தி படாமல் எடுத்து வந்துவிட்டான். மறுநாள் ளுஹர் தொழுகைக்கு முன்பே அடக்கியாயிற்று. எதனால் மௌத்தானான் என்று ஒருவரும் கேட்கவில்லை. பெட்டியில் முட்டினான், மௌத்தானான், அவ்வளவே.

ஸம்றா தையல்காரி. அபாயா வெட்டினால் ஒரு நூல் பிசகாது. கல்முனைக் கடைக்காரர்கள் துணியைக் கொண்டுவந்து காத்திருப்பார்கள். கத்தரி பிடிக்கும் கை அந்தக் கைதான். ஆஸ்பத்திரி டொக்டர் சொன்னது மூன்றே வசனம். நரம்பு இழுபட்டிருந்தால் தானாக வரும், அறுந்திருந்தால் வராது. எது என்று பார்க்க நாலு மாதம் வேண்டும். அதுவரை கிழமைக்கு மூன்று நாள் பயிற்சிக்கு வராவிட்டால் விரல் விறைத்துவிடும்.

பயிற்சி கொடுப்பவர் ஆண். வீட்டில் கதவை அடைத்துவிட்டார்கள். மருந்துக்குப் போகலாம், மார்க்கத்தில் தடையில்லை என்று மௌலவியே வந்து சொன்னார். தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவைத்தார்கள். மௌலவி சொன்னதைவிட ஊர் சொல்லப் போவதற்குப் பயந்த வீடு அது. படித்துப் பட்டம் வாங்கினாலும் நம் பெண்களின் உடம்பு ஊரின் வாய்க்குள்தான் கிடக்கிறது. ஸம்றாவின் கை இரண்டு மாதம் வெள்ளைத் துணிக்குள் காய்ந்து கிடந்தது. அதற்குப் பிறகுதான் ஒரு பெண் இருக்கிறாள், தொட்டே நரம்பை எழுப்புவாள் என்று யாரோ சொல்லி ஸுஹைறா வந்தாள்.

ஸுஹைறா கத்தாரில் பதினொரு வருடம் இருந்தவள். முதுகெலும்பு பார்க்கும் ஒரு வெள்ளைக்காரியின் இடத்தில் நிலம் துடைக்கப் போய், துவாய் மடித்து, பிறகு பக்கத்தில் நின்று, பிறகு அவளிடமே பழகினாள். கைரோபிரக்டிக்கில் மெதுவாகத் தொடுகிற வழி என்று சொல்வாள். மற்றவர்கள் எலும்பைத் திருகிச் சத்தம் வரச் செய்வார்கள். இவள் பிடரியில் காதுக்குக் கீழே ஒரு விரல், முதுகின் அடி முனையில் ஒரு விரல் வைத்துவிட்டுச் சும்மா நிற்பாள். உடம்பே தன் முறுக்கை அவிழ்த்துக்கொள்ளும், பிறகு நரம்பில் சேதி ஓடும் என்பது அவள் விளக்கம். நரம்பு அதுபாட்டில் வந்ததா, அவள் தொட்டதால் வந்ததா என்று அடித்துச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. நடந்ததைத்தான் எழுத முடியும்.

முதல் இரண்டு தரமும் ஒன்றுமில்லை. மூன்றாம் தரம் மாரி பிடித்திருந்தது. அஸர் தொழுகைக்குப் பிறகு வந்த ஸுஹைறாவின் குடை நடையில் சொட்டிக்கொண்டிருந்தது. ஸம்றா குப்புறப் படுத்திருந்தாள். வலது கை கட்டிலோரம் தலையணை மேல் கிடந்தது.

“ராத்தா,” என்றாள் ஸம்றா. “என்ட கையில என்னத்த வெச்ச?”

“ஒண்டும் வைக்கல்லயே.”

“துணி ஒண்டு இரிக்கி. விரலுக்குள்ள.”

“என்ன துணி?”

ஸம்றா தையல்காரி அல்லவா. கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள். “பொலிஸ்டர் கலந்த பருத்தி. சேட்டுத் துணி. ஈரமா இரிக்கி.”

கட்டிலோரம் இருந்த ஹாஜறா எழும்பிக் கையைப் பார்த்தாள். உள்ளங்கை வெறுமையாக இருந்தது. ஆனால் மூன்று மாதமாகச் சுருளாத விரல்கள் எதையோ பொத்திப் பிடித்தது போல வளைந்திருந்தன.

“அல்ஹம்துலில்லாஹ்!” என்று ஹாஜறா அழுதாள். “கை வருது புள்ள, கை வருது.”

ஸம்றா அழவில்லை. இஹ்ஸான் அன்றைக்கு உடுத்திருந்த சேட்டுச் சட்டையை அவளே தைத்திருந்தாள்.

நாலாம் தரம் கை மூச்சு விட்டது. வேறு எப்படிச் சொல்வது என்று ஹாஜறாவுக்குத் தெரியவில்லை. ஸுஹைறாவின் விரல் பிடரியில் பட்டுக் கொஞ்ச நேரத்தில், தலையணை மேல் கிடந்த கை மெல்ல உயர்ந்தது, தாழ்ந்தது. மறுபடியும் உயர்ந்தது. ஸம்றாவின் முதுகு ஒரு தாளத்தில் ஏறி இறங்க, கை வேறொரு தாளத்தில் ஏறி இறங்கியது. பக்கத்தில் இன்னொருவர் படுத்திருந்து, அவர் விலாவின் மேல் கை கிடப்பது போல.

ஹாஜறா ஆயத்துல் குர்ஸி ஓதத் தொடங்கினாள்.

“நரம்பு முழிக்கிற நேரம் இப்பிடித் துடிக்கும் மாமி,” என்றாள் ஸுஹைறா. சொல்லிவிட்டுத் தன் விரலை எடுத்துக்கொண்டாள். வழக்கமாக இருபது நிமிடம் நிற்பவள் அன்றைக்கு ஆறே நிமிடத்தில் குடையை எடுத்தாள்.

அவள் போன பிறகு ஹாஜறா மகளின் உள்ளங்கையைத் துணியொன்றால் துடைத்துவிடப் போனாள். ஈரம். செத்த நரம்புள்ள தோல் வியர்க்காது என்று ஆஸ்பத்திரித் தாதி சொல்லியிருந்தாள். ஹாஜறா அந்தத் துணியை மூக்கருகே கொண்டுபோனாள். சூடு ஏறிய வயல் தூசி மணந்தது. ஆவணியில் அடிக்கும் வரண்ட கச்சான் காற்றின் மணம். வெளியே மழை ஓட்டில் அடித்துக்கொண்டிருந்தது. துணியை அவள் கழுவப் போடவில்லை, அடுப்பில் போட்டாள்.

ஐந்தாம் தரம் ஸம்றா இடம் சொல்லத் தொடங்கினாள். “இப்ப ரோட்டுத் தடங்கல் மேட்டுல ஏறுறம்... இப்ப இறங்கிட்டம். ஆலையடி. உமி பறக்குது, அவர் செருமுறார்.” கை சொன்னதையே அவள் வாயால் சொன்னாள். சம்மாந்துறையிலிருந்து வரும் வீதி. ஒவ்வொரு தரமும் முன்னைய தரம் விட்ட இடத்திலிருந்து அது தொடர்ந்தது.

அன்று ஸுஹைறா போகும்போது ஸம்றா அவளை மறித்தாள்.

“ராத்தா, இனி வராதீங்க.”

“ஏன் புள்ள? பெருவிரல் மடக்கிறாய். இன்னம் ரெண்டு தரம் போதும்.”

“பாலம் வரப்போகுது. பாலத்தடியில இரிந்து எனக்கு ஒண்டும் ஞாபகம் இல்ல. கைக்கு ஞாபகம் இரிக்கி.”

அந்தப் பயம் வீட்டில் எல்லாருக்கும் தெரியும், ஒருவரும் வாயால் சொல்வதில்லை. அன்று இஹ்ஸானின் உம்மா வீட்டில் சாப்பாட்டில் வைத்து, ஒன்பது வருடமாகப் பிள்ளையில்லாததை நாலு பேருக்கு முன் கதையாக்கினார்கள். இஹ்ஸான் தலையைக் குனிந்து புளியாணத்தை ஊற்றிச் சாப்பிட்டான். திரும்பும் வழியில் ஸம்றா கத்தினாள். இறக்கி விடுங்க, நான் பஸ்ஸில போறன் என்றாள். அவன் முதுகில் அடித்தாள். அதுவரை ஞாபகம் இருந்தது. மையத்து வீட்டில் மாமியார் எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள்: “இவதான் என்ட மகன ஓடுற பைக்கில இழுத்து விழுத்தின.”

“இழுத்திருந்தா, அது என்ட கைக்குத் தெரியும்,” என்றாள் ஸம்றா. “கை வராட்டியும் பரவாயில்ல. எனக்கு அது தெரிய வேணா.”

ஸுஹைறா கட்டிலில் உட்கார்ந்தாள். “நான் ஒண்டு சொல்றன். நீ இழுக்கல்ல எண்டு எனக்குச் சொல்ல ஏலா. நீ இழுத்த எண்டும் சொல்ல ஏலா. ஆனா கை பாதியில நிண்டிரிக்கி. பாதியில நிண்ட கைய வெச்சி என்ன செய்யப் போறாய்? ராவு பகலா அந்தச் சேட்டப் பிடிச்சிட்டே இருப்பியா?”

“இருப்பன்.”

“கத்தரி பிடிக்கிற?”

அறை மூலையில் தையல் மெசின் துணி மூடிக் கிடந்தது.

ஒரு கிழமை ஸுஹைறாவை வரவிடவில்லை. இதற்கிடையில் றிபாஸ் வேறொரு வேலையில் இருந்தான். உழவு இயந்திரக்காரன் குணம், காரைதீவுப் பொடியன். பின்னால் விளக்கில்லாமல் பெட்டியை நிறுத்தினான் என்று வழக்கு. செவ்வாய்க்கிழமை நீதிமன்றத் தவணை. லைசன்ஸைப் பறித்துவிட்டார்கள், பெரும்போக விதைப்பு நேரம் அவனுடைய மெசின் வளவில் நிற்கிறது. விளக்கு இருந்ததா இல்லையா என்று சொல்ல மிஞ்சியிருப்பது ஸம்றா ஒருத்திதான்.

“நீ ஒண்டும் யோசிக்காத,” என்றான் றிபாஸ், அறைத் திரையை விலக்கி நின்று. “பொலிஸ் பொம்பள வீட்ட வருவா. பெட்டியில லாம்பு இல்ல எண்டு சொல்லு. போதும்.”

“நான் லாம்பக் காணல்ல காக்கா.”

“அதத்தான் சொல்றன். காணல்ல எண்டா இல்லதானே?”

“நான் பெட்டியையும் காணல்ல. அப்ப பெட்டியும் இல்லயா?”

“வாய் மட்டும் சாகல்ல உனக்கு,” என்றுவிட்டுப் போனான்.

அன்று பின்னேரமே ஸம்றா உம்மாவிடம், ஸுஹைறாவுக்குப் போன் பண்ணச் சொன்னாள். தன் கைக்குத் தெரிந்ததைத் தான் அறியாமல் வேறொருவன் தலையில் பழியைக் கட்ட அவளால் முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. மழை விட்டு வெயில் மஞ்சளாக இருந்தது. பத்திரிகை ஒட்டிய ஜன்னலால் அச்செழுத்துக்கள் தலைகீழாகத் தரையில் விழுந்தன. ஹாஜறா கதவடியில் தஸ்பீஹ் மணியோடு உட்கார்ந்தாள். ஸுஹைறா பிஸ்மி சொல்லிப் பிடரியில் விரல் வைத்தாள்.

கை உயர்ந்தது, தாழ்ந்தது.

“முதுகில அடிச்சிட்டன்,” என்றாள் ஸம்றா தலையணைக்குள். “சேட்டப் பிடிச்சிரிக்கன். கசக்கிப் பிடிச்சிரிக்கன்.”

விரல்கள் முஷ்டியாகின. ஹாஜறாவின் தஸ்பீஹ் நின்றது.

“இப்ப... அவர்ர கை. இடது கை. என்ட கைய எடுக்கிறார்.” முஷ்டி மெல்ல அவிழ்ந்தது. தலையணை மேல் இருந்த கை, ஒருவரும் தொடாமல், ஒரு சாண் இடப்பக்கம் இழுபட்டுப் போயிற்று. “இடது விலாவில வெச்சி அமத்துறார். மேல தன்ட கைய வெச்சிரிக்கார். உம்மா, கோவம் தீர்ந்திட்டு உம்மா. கோவம் தீர்ந்திட்டு எண்டுதான் நான் நினைச்ச.”

உள்ளங்கை தலையணையில் ஆழமாகப் புதைந்தது. மேலே ஒரு பாரம் இருந்தாற்போல் புறங்கையின் தோல் வெளுத்தது.

“இது கோவம் தீர்ந்ததில்ல,” என்றாள் ஸம்றா, குரல் மாறி. “நோகுது அவருக்கு. நெஞ்சு நோகுது. அதான் பிடிச்சிரிக்கார்.”

கை உயர்ந்தது. தாழ்ந்தது. உயர்ந்து, பாதியில் நடுங்கி, தாழ்ந்தது. பிறகு உயரவில்லை.

ஹாஜறா காத்திருந்தாள். ஸுஹைறாவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குசினியில் குழாய் சொட்டும் சத்தம் கேட்டது. கை உயரவில்லை. புறங்கையின் வெளுப்பு மட்டும் மெல்ல மறைந்தது, மேலே இருந்த பாரம் வழுகி விழுந்தது போல.

“நிண்டிட்டு,” என்றாள் ஸம்றா.

ஆனால் பயணம் நிற்கவில்லை. அசையாத அந்தக் கை கொஞ்சம் அதிர்ந்தது. “பாலம். பாலத்துப் பலகையில ஓடுறம்.” பிறகு கை இடப்பக்கம் மெதுவாகச் சரிந்தது, நேரானது. வலப்பக்கம் சரிந்தது, நேரானது. வாய்க்காலுக்குக் கட்டில்லாத வளைவு அது. வருடம் ஒரு வண்டியாவது அதற்குள் போகும். “திரும்புறம். நல்லாத் திரும்புறம். அவருக்கு மூச்சில்ல, திரும்புறம்.”

தோள் ஒரே ஒரு தரம் வெட்டியது. கை விரிந்தது.

ஸம்றா திரும்பிப் படுத்தாள். வலது கையைத் தானாகத் தூக்கி முகத்தைத் துடைத்தாள். மூன்று மாதத்துக்குப் பிறகு. அதை அவள் கவனிக்கவே இல்லை. ஸுஹைறா வாசலில் செருப்பைத் தேடினாள். காலில் போட்டிருந்த செருப்பைத் தேடினாள்.

அடுத்த நாள் காலை குணமும் அவனுடைய மாமன் இளையதம்பியும் வந்தார்கள். தவணைக்கு முன் கதைத்துப் பார்க்கலாம் என்று இளையதம்பிதான் கூட்டிவந்திருந்தார். றிபாஸ் பிளாஸ்டிக் கதிரைகளைப் போட்டான். ஹாஜறா தேத்தண்ணி கொடுத்தாள்.

“தம்பி, லாம்பு கட்டியிருந்தவன்,” என்றார் இளையதம்பி. “அரிக்கன் லாம்பு. முட்டினதில நசுங்கிப் போய்ட்டு. பொடியன் பொய் சொல்லமாட்டான்.”

“அத நீதவான்ட்ட சொல்லுங்க ஐயா. என்ட தங்கச்சிட மாப்புள மௌத்து. எனக்கு அதுதான் தெரியும்.”

“காக்கா.”

திரைக்குப் பின்னாலிருந்து வந்த குரலுக்கு எல்லாரும் நிமிர்ந்தார்கள். இத்தாவிலிருக்கும் பெண் பிற ஆண்கள் இருக்கும் இடத்தில் வாய் திறப்பதாவது.

“அந்தப் பொடியன விடுங்க,” என்றாள் ஸம்றா. “என்ட மாப்புள பெட்டியில முட்டி மௌத்தாகல்ல. மௌத்தாகித்தான் முட்டின. பாலம் வர முந்தியே மூச்சு நிண்டிட்டு.”

“ஆரு சொன்ன?”

“என்ட கை.”

றிபாஸ் சிரித்தான். வந்தவர்களைப் பார்த்து, கோளாறு கண்டீங்களா என்பது போலச் சிரித்தான். “சரி. பாலம் வர முந்தி மௌத்து. பாலத்துக்கு இஞ்சால எஸ் மாதிரி வளைவு இரிக்கி. வாய்க்கால் இரிக்கி. மௌத்தான ஆளா அதால திருப்பிட்டு வந்த?”

“எனக்குத் தெரியா காக்கா. என்ட கை அவர்ர விலாவில இரிந்த. ஹேண்டில்ல ஆருட கை இரிந்தெண்டு அதுக்குத் தெரியா.”

குணம் தேத்தண்ணிக் கோப்பையைத் தட்டில் வைத்தான்.

“கையில்ல,” என்றான்.

“என்ன?”

“ஹேண்டில்ல ஒரு கையும் இல்ல. நான் டயரக் கழட்டிட்டு நிண்டு பாத்த. அவர்ர தலை முன்னுக்குக் கவிண்டு, ரெண்டு கையும் கீழ தொங்கிட்டு வந்திச்சு. அக்கா பின்னால பிடிச்சிட்டு இருந்தா. வளைவு ரெண்டையும் அப்பிடியே எடுத்திச்சு பைக். நான் கத்தின. இஞ்சால வயல் கிணறு, அங்கால கல்லு. அது வைக்கல் தொங்கின பக்கமாப் பாத்துத்தான் வந்து சரிஞ்ச.”

“ஏன்டா பொலிசில சொல்லல்ல?” என்றார் இளையதம்பி.

“சொன்னா குடிச்சிட்டு நிண்ட எண்டு அதுக்கும் ஒரு வழக்குப் போடுவானுகள் மாமா.”

றிபாஸ் தன் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கத்தி படாமல் எடுத்துவந்த மையத்து அது, அவன் ஓடித்திரிந்து எடுத்தது. வெட்டியிருந்தால் முட்டுவதற்கு முன்பே நெஞ்சு நின்றதென்று ஒரு கடதாசியில் இருந்திருக்கும். இப்போது அது ஒரு பெண்ணின் கையிலும், யாரும் நம்பாத ஒரு பொடியனின் கண்ணிலும் மட்டும் இருந்தது.

“பொலிஸ் பொம்பள வந்தா லாம்பு இல்ல எண்டு நான் சொல்லமாட்டன்,” என்றாள் ஸம்றா திரைக்குப் பின்னால். “அவக்கு நடந்ததத்தான் சொல்லுவன். நம்பினா நம்பட்டும்.”

றிபாஸ் எழுந்து படலையைத் திறந்து கடற்கரைப் பக்கம் போனான். அவன் மறுத்துப் பேசாததே அந்த வீட்டில் புதிய விசயம்.

அன்று பின்னேரம் ஸம்றா தையல் மெசினின் துணியை எடுத்தாள். பழைய தலையணை உறையொன்றை வைத்துக் கத்தரி போட்டுப் பார்த்தாள். வெட்டு கொஞ்சம் கோணியது, ஆனால் போயிற்று. ஹாஜறா பக்கத்தில் வந்து உட்கார்ந்து மகளின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தாள். பெருவிரல், சுட்டு விரல், நடு விரல். கிள்ளினால் மகள் “ஆ” என்றாள். மோதிர விரலிலும் சின்ன விரலிலும் கிள்ளியபோது பேசாமல் இருந்தாள்.

“இது ரெண்டும் இன்னம் வரல்லயே. ஸுஹைறாவ இன்னொரு தரம் வரச் சொல்றன். ஒரு தரம் தொட்டாச் சரியாப் போகும்.”

“வேணா உம்மா.”

“ஏன் புள்ள? முழுசா வரட்டுமே.”

ஸம்றா கத்தரியை வைத்துவிட்டு உம்மாவின் கையை எடுத்து அந்த இரண்டு விரல்களின் மேல் வைத்தாள். ஹாஜறா முதலில் ஒன்றும் உணரவில்லை. பிறகு உணர்ந்தாள். மற்ற விரல்கள் அசையாமல் கிடக்க, அந்த இரண்டும் மெல்ல உயர்ந்தன, தாழ்ந்தன. ஆறுதலாக, உண்ட களையில் உறங்குபவரின் விலாவின் மேல் கிடப்பது போல.

“இந்த ரெண்டுக்கும் இன்னம் தெரியா உம்மா,” என்றாள் ஸம்றா. “தெரியாமலே கிடக்கட்டும்.”